சிவனொளிபாதமலை: நல்லதண்ணி வழியா, பலாபத்தல வழியா?

இலங்கையின் யாத்திரைத் தலமான, 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கு ஏறப் பல பாதைகள் இருந்தாலும், பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது அட்டன், மாஸ்கெலியா ஊடாகச் செல்லும் நல்லதண்ணிப் பாதையையே. கொழும்பிலிருந்து ரயிலில் அட்டனுக்கு வந்து, அங்கிருந்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை ஒட்டி பஸ்ஸில் போனால் அடிவாரத்திலேயே இறங்கலாம். தேயிலை மலைகளுக்கிடையே தொடங்கும் நடை, சமாதான தூபியைக் கடந்ததும் செங்குத்தாகிறது. ஏறத்தாழ 5,500 படிகள், மூன்று நான்கு மணி நேரம். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரையான பருவகாலத்தில் இரவு முழுதும் விளக்கு எரியும். களைத்தவர் உட்கார்ந்து சூடாகப் பிளேன்டி குடிக்க வழிநெடுகக் கடைகளும் இருக்கும். முதியவர்களையோ பிள்ளைகளையோ அழைத்துச் செல்வோருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் போயா எனப்படும் பௌர்ணமி நாளிலும் வார இறுதியிலும் உச்சிக்குச் சற்றுக் கீழே, பனியில் நனைந்து சில்லிட்ட கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நெடுநேரம் காத்து நிற்க நேர்வதால், சூரிய உதயத்தைப் படிக்கட்டிலேயே கழித்துவிடுவோர் பலர்.

இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலப் பாதை பழைமையானது. இம்மலையின் காவல் தெய்வமான சமனின் தேவாலயம் இரத்தினபுரியில் இருப்பதும் இப்பக்கத்துக்குத் தனி மதிப்பைத் தருகிறது. தாழ்நிலத்திலிருந்து தொடங்குவதால் 1,500 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். நல்லதண்ணியில் இது ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். கடைகள் குறைவு, நேரமோ ஏறத்தாழ இரட்டிப்பு. இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது காடு. தாழ்நில மழைக்காட்டின் நெடுமரங்கள் மெல்லக் குட்டையாகி, பாசி போர்த்த முறுக்கிய கிளைகளாக மாறுவதை நடந்தபடியே காணலாம். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டில் இம்மலையைச் சூழ்ந்த காட்டுச் சரணாலயமும் அடங்கும் என்பதன் பொருள் இப்பாதையில்தான் முழுமையாக விளங்கும் என்பது என் உறுதியான கருத்து. குருவிட்ட, எரத்ன வழியும் இதே இயல்புடையது. பழக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அதைச் சொல்வேன்.

1344இல் இம்மலைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபுன் பதூதா, பாபா (ஆதம்) வழி, மாமா (ஏவாள்) வழி என்று இரண்டைக் குறிப்பிட்டு, எளிதான மாமா வழியாக ஏறுவோரை யாத்திரை செய்தவராகவே அங்குள்ளோர் கருதுவதில்லை என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடுமை இன்று வேண்டியதில்லை. ஆயினும், உடல்வலுவும் ஒரு முழு நாளும் கைவசம் உள்ளவர்கள் பலாபத்தல வழியாக ஏறி நல்லதண்ணியில் இறங்குவதே சிறந்தது. ஈரப் பாறையில் நெடுந்தூரம் இறங்கும் பாரத்திலிருந்து முழங்கால்கள் தப்பும். இறங்கிய இடத்திலேயே அட்டன் பஸ்ஸும் கிடைக்கும். பொதி முழுவதையும் மலை தாண்டிச் சுமக்க வேண்டியிருப்பதால், மாற்றுடை ஒன்று, மழைச்சட்டை, தண்ணீர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இரத்தினபுரிச் சரிவு மழையை நேரே வாங்குவதாலும், அட்டைகள் மொய்ப்பதாலும், அந்த மாதங்களில் இத்திட்டத்தைத் தவிர்த்துவிட வேண்டும்.