டெக்குக்குக் கீழே ஆட்டோபைலட்: ஓட்டுவதில் குறையில்லை, தூங்கத்தான் விடாது

மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் அண்ணன் ஒருவர் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். "தம்பி, டெக்குக்குக் கீழே போடுகிற ஆட்டோபைலட்டா, வீலில் மாட்டுகிற சின்னதா, எது நல்லது?" என்று வாட்சப்பில் கேட்டார். ஆட்டோபைலட் என்றால் ஆள் பிடிக்காமலே படகைத் தானே திசை மாறாமல் ஓட்டும் கருவி, டெக் என்பது படகின் மேல்தளம். என்னுடையது டெக்குக்குக் கீழே போட்டது, சுக்கானைத் தள்ளும் அதன் டிரைவ் ரிப்பேர் முடிந்து போன வாரம்தான் திரும்பி வந்தது, பில்லும் கூடவே வந்தது. அந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன், பார்த்துப் படியுங்கள்.

முதலில் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன், விற்பவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். கீழே இருப்பது ஒரு மோட்டார், ஒரு கியர்பாக்ஸ், நீண்டு சுருங்கும் ஒரு தண்டு. அந்தத் தண்டுதான் சுக்கானைத் தள்ளி இழுக்கிறது. ஒவ்வொரு முறை திருத்தும்போதும் "ங்ங்ஈஈ" என்று ஒரு முனகல், கொஞ்சம் அமைதி, அப்புறம் எதிர்ப்பக்கம் இன்னொரு "ங்ங்ஈஈ". பகலில் மேலே உட்கார்ந்திருந்தால் காதிலேயே விழாது. இரவில் என் காவல் முடிந்து பின்பக்கப் படுக்கையில் தலை சாய்த்தால், எனக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு பலகைதான். அதுவும் டிரைவின் அடித்தட்டை ஃபைபர் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறதா, படகின் பின்பாதி முழுக்க வீணைக் குடம் மாதிரி அந்த முனகலை வாங்கிப் பெருக்குகிறது. ரப்பர் வைத்துத் தணிக்கலாமே என்பார்கள். கூடாது. நூற்றுக்கணக்கான கிலோ விசையில் தள்ளுகிற சாமான், அடித்தட்டு கொஞ்சம் அசைந்து கொடுத்தாலும் அந்த அளவுக்குச் சுக்கான் நகராது, ஆட்டோபைலட் அதைச் சரிசெய்ய இன்னும் அதிகமாக ஆட்டும், சத்தமும் இன்னும் கூடும்.

செட்டிங்கில் ரெஸ்பான்ஸை, அதாவது எவ்வளவு சுறுசுறுப்பாகத் திருத்த வேண்டும் என்பதை, குறைத்தால் திருத்தங்கள் குறையும், முனகலும் குறையும். காற்று முன்பக்கமிருந்து வரும்போது அது போதும், படகு தானே நேராகப் போகும். பின்னாலிருந்து அலை தூக்கும்போது குறைத்து வைத்தால் படகு பாம்பாய் நெளியும். ஆகக் கடல் மோசமாக இருக்கும் இரவில், எனக்குத் தூக்கம் ரொம்பத் தேவைப்படும் அந்த இரவில்தான், அது முழுக்குரலில் பாடும்.

அப்படியென்றால் ஏன் போட்டாய் என்று கேட்கலாம். என் படகு 1980களின் தொடக்கத்தில் தைவானில் கட்டியது, 37 அடி, சாமான் ஏற்றுமுன்பே 10 டன். லங்காவித் தீவில் நிற்கிறது. மலாக்கா நீரிணையில் காற்றை நம்ப முடியாது, பாதிப் பயணம் எஞ்சினில்தான். படகின் பின்முனையில் மாட்டும் விண்ட்வேன், காற்றின் விசையாலேயே படகைத் திருப்பும் கருவி, அருமையான சாமான், கரண்டு தின்னாது, வாயே திறக்காது. ஆனால் அதற்குக் காற்று வேண்டுமே. எண்ணெய் ஊற்றியது போல் கிடக்கும் நீரில் பினாங்கிலிருந்து வடக்கே போகும்போது அது சும்மா ஆடிக்கொண்டிருக்கும். வீலில் மாட்டுகிற சின்ன பைலட் இந்த எடைக்கு ஆகாது, கொஞ்சம் காற்று ஏறினால் பெல்ட் வழுக்கும், வெயிலும் மழையும் அதன் தலைமேலேதான்.

பொருத்துகிற வேலையைப் பற்றி அண்ணனுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும், பழைய படகில் செலவு அங்கேதான். தண்டை க்வாட்ரண்டில், அதாவது வீல் கேபிள் சுற்றிவரும் சுக்கான் அச்சின் வளைதகட்டில், மாட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள், அது கேபிளுக்காகச் செய்தது, இந்த விசைக்கு இல்லை. தண்டைப் பிடிக்க, சுக்கான் அச்சில் தனியாக ஒரு டில்லர் கை, நெம்புகோல் மாதிரி, பூட்ட வேண்டும். அதற்கு முன் அச்சின் பேரிங் தேய்ந்திருக்கிறதா பாருங்கள், நாற்பது வருடப் படகில் தேய்ந்துதான் இருக்கும். சுக்கானை நிறுத்தும் தடைக்கட்டையும் உறுதியாக இருக்க வேண்டும், தண்டு தன் நீளத்தின் முடிவைத் தொடுவதற்கு முன்பே சுக்கான் அதில் முட்டி நிற்கணும். இல்லையென்றால் ஒரு பெரிய அலையில் டிரைவே உடையும். எடைக் கணக்கிலும் கவனம்: விளம்பரத் தாளில் 11 டன் வரை என்றிருந்தால் அது தண்ணீர், டீசல், சங்கிலி, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றிய எடை. 10 டன் படகுக்கு அடுத்த சைஸ்தான் சரி. ஆட்டோபைலட்டின் கம்பாஸ் இருக்கும் லாக்கரில் டின் மீன் அடுக்க வேண்டாம், டின்னின் இரும்பு கம்பாஸைக் குழப்பி, படகு வேறு நாட்டுக்குப் போய்விடும்.

இப்போது ரிப்பேர். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து டிரைவ் விட்டுவிட்டு வேலை செய்தது, கழற்றி அனுப்பினேன். கியர்பாக்ஸையும் பார்த்து அந்தச் சத்தத்தைக் குறைத்துத் தாருங்கள் என்று எழுதியும் அனுப்பினேன். பிரஷ் மாற்றி, கிரீஸ் வைத்து, "சத்தம் இயல்பானதே" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்த வரிக்கும் சேர்த்துத்தான் காசு போல.

நியாயமாகவும் பேசணும். ஒரு விடியற்காலை 'சுமத்ரா' அடித்தது, இந்த நீரிணையில் தென்மேற்குப் பருவத்தில் திடீரென்று எழும் அந்தப் பேய்க்காற்று. காற்றுக்கு எதிரே படகைப் பிடித்து நிறுத்தும் வேலையை ஆட்டோபைலட்டிடம் விட்டுவிட்டு, நான் ஒருவனாகப் பாய்மரத்தடியில் நின்று பெரிய பாயைச் சுருக்கினேன். வேறு எந்தக் கருவியும் எனக்கு அந்த இரண்டு கையைக் கொடுத்திருக்காது. இன்னொன்று, தண்டு நேராக அச்சில் பூட்டியிருப்பதால் வீல் கேபிள் அறுந்தாலும் படகு திரும்பும், அது இரண்டாவது ஸ்டீயரிங் மாதிரி. கரண்டும் சராசரி 3, 4 ஆம்பியர்தான், எஞ்சின் ஓடினால் அதைப் பற்றிக் கவலையே இல்லை. முனகல் நீளமானால் பாய் அதிகம் என்று பொருள், படுத்தபடியே தெரிந்துகொள்ளலாம் என்று மரினாவில் ஒரு பெரியவர் சொன்னார். உண்மைதான். ஆனாலும் அவர் என் படுக்கையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும்.

கிள்ளானுக்கு அப்பால் நீரிணையில் ஆழம் குறைந்த திட்டான ஒன் ஃபேதம் பேங்க் பக்கம் கப்பல் பாதையின் ஓரமாக இரவில் போகும்போது விளக்கில்லாத வலைகளும், இழுவைப் படகின் பின்னே நீளக் கயிற்றில் வரும் பார்ஜுகளும் ஆட்டோபைலட்டின் கண்ணுக்குத் தெரியாது. யாராவது மேலே விழித்திருக்கத்தான் வேண்டும், அது சொல்லாமலே தெரிந்தது.

ஆக அண்ணே, இன்றைக்குக் கேட்டால் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். போட்டே தீருவேன் என்றால் எண்ணெய் அழுத்தத்தில் தள்ளும் ஹைட்ராலிக் வகையைப் பாருங்கள், சத்தம் போடும் பம்ப்பைப் படுக்கையிலிருந்து தள்ளி வேறு இடத்தில் வைக்கலாமாம். விலை விசாரித்தால் எனக்கும் ஒரு மெசேஜ் போடுங்கள்.