கணினியிலிருந்து குரல் அழைப்பு: ட்விலியோவா, ஆஸ்டரிஸ்க்கா?

நிரல் எழுதி ஃபோனில் மணி அடிக்க வைப்பது பழைய வித்தை. டயல்-அப் மோடத்துக்கு 'ஏடிடிடி' என்று எழுதிப் பின்னால் எண்ணைக் கொடுத்தாலே மணி அடித்துவிடும். எடுத்தவர் காதில் குரல் விழவேண்டும் என்னும்போதுதான் பாடு தொடங்குகிறது. அந்தப் பாட்டைக் கிளவுடில் ட்விலியோ போன்ற சேவையிடம் விடலாம். சொந்த சர்வரில் ஆஸ்டரிஸ்க் போட்டு நாமே படலாம்.

ட்விலியோவில் ஒரே ஹெச்டிடிபி கோரிக்கை. எந்த எண்ணிலிருந்து, எந்த எண்ணுக்கு, எடுத்ததும் என்ன சொல்வதென்று எந்த இணைய முகவரியில் கேட்பது, அவ்வளவுதான். ஆள் எடுத்ததும் ட்விலியோ அந்த முகவரிக்கு வந்து ட்விஎம்எல் என்ற கட்டளைகள் கொண்ட எக்ஸ்எம்எல்-ஐ வாங்கிப்போகும். அதில் 'சே' (Say) என்றிருந்தால் அதிலுள்ள வரியை வாசித்துக் காட்டும். இங்கே ஒரு பள்ளம் உண்டு. சர்வர் விழுந்ததைச் சொல்லத்தான் அழைக்கிறோம் என்று வையுங்கள். அந்த எக்ஸ்எம்எல்லும் அதே சர்வரில் இருந்தால்? மணி அடிக்கும், ஆள் எடுப்பார், பிழை அறிவிப்புதான் கேட்கும். எச்சரிக்கை அழைப்புகளுக்கு முகவரி வேண்டாம், ட்விஎம்எல்-ஐக் கோரிக்கையிலேயே வைத்து அனுப்புங்கள். அனுப்பும் நிரலும் வேறு கணினியில் இருக்கட்டும்.

ஆஸ்டரிஸ்க், 1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். வெளி எண்களை அழைக்க ஒரு எஸ்ஐபி ட்ரங்க், அதாவது இணையம் வழியே தொலைபேசி வலையோடு சேர்க்கும் இணைப்பு, வாங்கவேண்டும். ஆனால் அழைப்பைக் கிளப்ப இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை: நாலைந்து வரி டெக்ஸ்ட் கோப்பை 'அவுட்கோயிங்' ஃபோல்டரில் போட்டால் அழைப்பு கிளம்பிவிடும். கோப்பை வேறிடத்தில் எழுதி முடித்து அங்கே நகர்த்தவேண்டும். அங்கேயே வைத்து எழுதினால், எழுதி முடிக்கும் முன்பே பாதிக் கோப்பைப் படித்துவிடும்.

தலைவலி ரவுட்டரில் இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் ஆஸ்டரிஸ்க், 'ஒலியை 192.168.1.10-க்கு அனுப்பு' என்று மறுமுனைக்குச் சொல்லும். உள் வலைக்கு வெளியே அந்த முகவரி செல்லாது. நம் குரல் அவருக்குக் கேட்கும், அவர் குரல் நமக்கு வராது. பொது ஐபியை அமைப்பில் எழுதி, ஒலி வந்துபோகும் ஆர்டிபி போர்ட்டுகளைத் திறந்துவிட்டால் சரியாகும். அழைப்பு ஏற்பாட்டுக்கான எஸ்ஐபி செய்திகள் வரும் 5060 போர்ட்டை மட்டும் ஊருக்கே திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே வருபவர்கள் உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசுவார்கள்.

ஒலித்தரத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். சாதாரணத் தொலைபேசி வலைக்குள் போனால் இரண்டுமே பெரும்பாலும் நொடிக்கு 8,000 மாதிரிகள் எடுக்கும் ஜி.711 என்ற ஒலிக்குறியாக்க முறைதான்.

நாளுக்கு நாலு எச்சரிக்கை அழைப்பு என்றால் யோசிக்காமல் ட்விலியோ. பேச்சுப்பதிவு உங்கள் சர்வரைத் தாண்டக்கூடாது என்றாலோ, நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறிக்கொண்டே போனாலோ, ஆஸ்டரிஸ்க்கைக் கற்றுக்கொள்ளும் உழைப்பு வீண்போகாது.

எதை எடுத்தாலும், 'எடுக்கப்பட்டது' என்று வரும் பதிலை நம்பிவிடாதீர்கள். வாய்ஸ்மெயிலும் ஃபோனை எடுக்கும். செய்தி முடிந்ததும் 'ஒன்றை அழுத்துங்கள்' என்று கேளுங்கள். ட்விலியோவில் அதற்கான கட்டளை 'கேதர்' (Gather), ஆஸ்டரிஸ்க்கில் 'ரீட்' (Read). ஒன்று வராவிட்டால் நிரல் அடுத்த எண்ணை அழைக்கட்டும்.