ஸ்ட்ரிங்கை பைட்டாக்க ஜாவாவில் மூன்று வழி, என் ஓட்டு ஸ்டாண்டர்ட்சார்செட்ஸுக்கு

பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜாவா ப்ராஜெக்ட்டில் ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, பைட்டாக மாற்றும் இடங்களை எல்லாம் ஒரே முறைக்குக் கொண்டுவரும் வேலையைச் சமீபத்தில் முடித்தோம். மாற்றுவது கெட்பைட்ஸ் என்ற மெத்தட், எந்த எழுத்துக்கு எந்த பைட் என்ற விதியை, அதாவது என்கோடிங்கை, அதற்குச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம் (யூடிஎஃப்-8 அப்படி ஒரு என்கோடிங்). மூன்று விதமாகவும் எழுதியிருந்தார்கள்: அடைப்புக்குறிக்குள் எதுவும் தராத வெறும் கெட்பைட்ஸ், "யூடிஎஃப்-8" என்று பெயரை ஸ்ட்ரிங்காகத் தரும் கெட்பைட்ஸ், ஸ்டாண்டர்ட்சார்செட்ஸ் கிளாஸில் இருக்கும் யூடிஎஃப்-8 மாறிலியைத் தரும் கெட்பைட்ஸ். நாங்கள் எடுத்தது மூன்றாவதை.

இரண்டாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலை சரியாகத்தான் செய்யும். ஆனால் பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் கம்பைலர் கண்டுகொள்ளாது, ஓடும்போதுதான் வெடிக்கும். அதோடு அப்படி ஒரு என்கோடிங் இல்லை என்று சொல்லும் அன்சப்போர்ட்டட் என்கோடிங் எக்ஸெப்ஷனைப் பிடித்தே ஆக வேண்டும். எல்லா ஜாவாவும் யூடிஎஃப்-8ஐ ஆதரிக்க வேண்டும் என்பது விதி, அதனால் பெயரைச் சரியாக எழுதியிருந்தால் அந்த கேட்ச் பிளாக் ஒருநாளும் ஓடாது. ஓடாத கோடை எதற்குச் சுமக்க வேண்டும்? 2011இல் ஜாவா 7 வந்தபோதே ஸ்டாண்டர்ட்சார்செட்ஸும் வந்துவிட்டது, எக்ஸெப்ஷன் தொல்லையும் அதோடு போயிற்று.

உண்மையான போட்டி வெறும் கெட்பைட்ஸோடுதான், ஏனென்றால் எழுத அதுதான் சுலபம், எழுதுகிறவர் மெஷினில் பெரும்பாலும் சரியாகவும் வரும். எந்த என்கோடிங் என்று கோடில் இல்லை, ஓடுகிற மெஷினில் இருக்கிறது. ஜாவா 17 வரைக்கும் மேக்கில் பொதுவாக யூடிஎஃப்-8 கிடைக்கும், ஆங்கில விண்டோஸில் விண்டோஸ்-1252 என்ற வேறொரு என்கோடிங் கிடைக்கும், லாங் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் வைக்காத டாக்கர் கன்டெய்னரில் (ப்ரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே உள்ள வெறும் ஆஸ்கி கிடைக்கும்.

அந்த கன்டெய்னரில் தமிழ் என்ன ஆகிறது என்பதுதான் என்னை முடிவு எடுக்க வைத்தது. ஆஸ்கியில் இல்லாத எழுத்து வந்தால் கெட்பைட்ஸ் எக்ஸெப்ஷன் எறியாது, பேசாமல் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டுப் போய்விடும். "தமிழ்" என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறிகள், "அம்மா" ஐந்து, "அப்பா" ஐந்து. மூன்றும் ஐந்து கேள்விக்குறியாக, அதாவது ஒரே பைட்டுகளாக வெளியே வரும். அதன் மேல் எஸ்எச்ஏ-256 (பைட்டுகளிலிருந்து ஹேஷ் என்ற கைரேகை போன்ற மதிப்பைக் கணக்கிடும் முறை) போட்டால் மூன்றுக்கும் ஒரே ஹேஷ்! தமிழில் பாஸ்வேர்ட் வைத்தவர் ஒருவர் என்றால், அதே நீளத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லை அடித்தாலும் அவர் கணக்கு திறக்கும். யூடிஎஃப்-8 பைட்டை வேறு என்கோடிங்கில் படித்து எழுத்து குழம்பினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், பைட் பத்திரமாக இருக்கிறது. கேள்விக்குறியாகப் போனதை யாராலும் மீட்க முடியாது, பல மாதம் கழித்து டேட்டாபேஸைத் திறந்து பார்க்கிறவருக்கு அங்கே என்ன இருந்தது என்பதற்குத் தடயமே இருக்காது. லாகிலும் ஒரு வரி இருக்காது.

"2022 மார்ச்சில் ஜாவா 18 வந்து இயல்பு என்கோடிங்கே யூடிஎஃப்-8 ஆகிவிட்டதே, இன்னும் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நல்ல மாற்றமும்கூட. புதிதாக ஜாவா 21இல் ஆரம்பித்து, வேறு எங்கும் ஓடாது என்று உறுதியாகத் தெரிந்தால் வெறும் கெட்பைட்ஸும் சரியாகவே ஓடும். ஆனால் நம் ஜார் (கோடைக் கட்டி அனுப்பும் ஃபைல்) எந்த ஜாவாவில் ஓடும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை, ஜாவா 8, 11, 17 இன்னும் நிறைய இடங்களில் ஓடுகின்றன, ஜாவா 18க்குப் பிறகும் ஃபைல்.என்கோடிங் என்ற செட்டிங்குக்கு காம்பாட் என்று கொடுத்து யாராவது பழைய நடத்தைக்கே திருப்பி வைத்திருக்கலாம். அந்த வரியைப் பின்னால் பராமரிக்கப்போகிறவர் இத்தனையையும் விசாரித்துவிட்டுத்தான் அது சரியா என்று சொல்ல முடியும், யூடிஎஃப்-8 என்று வரியிலேயே எழுதியிருந்தால் படித்ததுமே தெரிந்துவிடும்.

அப்புறம் யூடிஎஃப்-16, யூனிகோடுக்கு இன்னொரு என்கோடிங். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட், யூடிஎஃப்-16இல் இரண்டு, ஆகவே "தமிழ்" 15க்குப் பதில் 10 பைட்டில் அடங்கும். ஆனால் ஜாவாவின் யூடிஎஃப்_16 மாறிலி முன்னால் பைட் வரிசைக் குறி இரண்டு பைட்டைச் சேர்த்து 12 ஆக்கும், இரண்டு பைட்டில் எது முதலில் என்ற கேள்வியும் கூடவே வரும், ஆங்கிலமும் எண்களும் கலந்த ஜேசனில் மிச்சப்பட்டதும் திரும்பப் போய்விடும். தமிழ் உரையை மட்டுமே பெரிய அளவில் சேமிக்கும் சிஸ்டத்தில் நான் வேலை செய்ததில்லை, அங்கே கணக்கு வேறாக வரலாம்.

மாற்றப்போகிறவர்கள் கெட்பைட்ஸோடு நிறுத்திவிடாதீர்கள். பைட்டிலிருந்து ஸ்ட்ரிங் உருவாக்கும் இடம், இன்புட்ஸ்ட்ரீம்ரீடர், ஃபைல்ரீடர் எல்லாவற்றிலும் இதே பிரச்சினை இருக்கிறது, ஃபைல்ரீடருக்கு என்கோடிங் கொடுக்கும் வசதியே ஜாவா 11இல்தான் வந்தது. ஜாவா கோடில் தவறுகளைக் கம்பைல் செய்யும்போதே பிடிக்கும் எரர் ப்ரோன் கருவியில் டிஃபால்ட்சார்செட் என்று ஒரு சோதனை உண்டு, பில்டில் அதைப் பிழையாக வைத்துவிட்டால் புதிதாக ஒன்று உள்ளே நுழையும்போதே தடுத்துவிடும்.