திரையில் சித்திரக்கதை: நான்காண்டு வாசிப்பு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், நான்கு ஆண்டுகளாகச் சித்திரக்கதைகளைக் கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் வாசித்து வருகிறேன். கதை நன்றாக இருந்தும் பாதியில் மூடிவைத்தவை பல. பெரும்பாலும் குறை, கட்டத்துக்குக் கட்டம் நம்மை அழைத்துச் செல்லும் வழியில்தான் இருந்தது.

முதல் ஆண்டு முழுவதும், தட்டத் தட்ட ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாகும் முறையில் வாசித்தேன். சித்திரக்கதைகளை விற்ற காமிக்ஸாலஜி செயலி இதற்குக் 'கைடட் வியூ' என்று பெயரிட்டிருந்தது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வசனக் குமிழுக்குள் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும் என்பதால் சிறு திரையில் இது பேருதவி. ஆனால் ஓவியர் பார்த்துப் பார்த்து வகுத்த பெரிய கட்டமும் சின்னக் கட்டமும் ஒரே அளவாகிவிடுகின்றன.

2000-களின் தொடக்கத்தில் கொரியாவில் வளர்ந்த வெப்டூன் என்னும் இணையச் சித்திரக்கதை மேலிருந்து கீழாக ஓடுகிறது. இங்கே இடைவெளியே காலம். ஒரு பேய்க்கதையில், விளக்கோடு நடப்பவனுக்கும் அவன் காதில் விழுந்த ஓசைக்கும் நடுவே இரண்டு திரை நீளத்துக்கு வெறும் கறுப்பு; என் விரல் தானாகவே மெதுவானது. ஆனால் மாலை மழைக்கு எங்கள் பகுதியில் இணைய லைன் தளர்ந்துவிடும். மேலுள்ள படங்கள் தாமதமாக வந்து சேர, வாசித்துக்கொண்டிருக்கும் கட்டம் கீழே தள்ளப்பட்டு மறைந்துவிடும். ஒவ்வொரு படத்தின் அகல உயரத்தையும் நிரலில் குறித்துவிட்டால் உலாவி முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைக்கும். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் விடும் தளங்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

அமெரிக்கச் சித்திரக்கதைப் படைப்பாளி ஸ்காட் மெக்லவுட் 2000-இல் முன்வைத்த 'எல்லையற்ற கேன்வாஸ்' கருத்தின் வழியில், கதை முழுவதையும் ஒரே பரப்பில் விரித்து, வேண்டிய இடத்தைப் பெரிதாக்கி வாசிக்கும் தளங்களும் உண்டு. படத்தைப் பல தெளிவுநிலைகளில் சிறு துண்டுகளாக நறுக்கி, திரையில் தெரிபவற்றை மட்டும் இறக்குவதால், லைன் குறைந்தாலும் மங்கலாகவேனும் முழுப்படம் நிற்கும். தமிழ்ச் சித்திரக்கதைக்கு இதுவே பொருத்தம் என்பது என் தீர்ப்பு. ஒரு குறை: பின்செல்லும் பொத்தானைத் தொட்டால் முந்தைய கட்டத்துக்குப் போகாமல் கதையைவிட்டே வெளியேறிவிடுகிறது, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி இணைய முகவரி கொடுத்தால் இது தீரும்.

பால்மரம் சீவி ஓய்ந்த அப்பாவும் இப்போது இப்படித்தான் வாசிக்கிறார். முதலில் முழுப் பரப்பையும் நிதானமாகப் பார்ப்பார். பிறகு இரு விரலால் மூலையிலுள்ள ஒரு முகத்தைப் பெரிதாக்கி, "இவன்தான்பா திருடன்" என்பார். நான் அப்போது மூன்றாம் கட்டத்தில்கூட இருக்கமாட்டேன்.