ஆட்களை வெளியேற்றுவதா, வெடிமருந்தைக் குறைப்பதா?

தெலங்கானாவின் கோதாவரிப் பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமா, தொண்டிக் கடற்கரையின் ஈரமணலில் மேலும் கீழுமாக இரண்டு கோடுகள் இழுத்து, மேலே திறந்தவெளிச் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது கீழே நிலத்தடியில் இருப்பவர்களைக் காக்கும் இரு வழிகளை விளக்கினார்.

முதல் வழி, வெடிக்கும் நேரத்தில் ஆட்களை மேலே ஏற்றிவிடுவது. இது உயிரைக் காக்கும், கூரையைக் காக்காது. தளர்ந்த கூரைக்கல், விரிசல் கண்ட தூண், முன்பு தீப்பிடித்த பகுதியை அடைத்த தடுப்புச்சுவர் ஆகியவற்றைச் சோதித்து, வாயுவையும் அளந்த பிறகே அவர்களை மறுபடி இறக்க வேண்டும்.

இரண்டாவது வழியில், துளைகளை மில்லிநொடி இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கச் செய்து, ஒரே தருணத்தில் வெடிக்கும் மருந்தைக் குறைக்கிறார்கள். அதிர்வைப் பெரிதும் தீர்மானிப்பது மொத்த மருந்தல்ல, இந்த அளவுதான். மீட்டரில் உள்ள தூரத்தை, கிலோவில் உள்ள இந்த மருந்தளவின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பார்ப்பது வழக்கம்: 100 மீட்டர் தூரத்தில் 100 கிலோ என்றாலும் 50 மீட்டரில் 25 கிலோ என்றாலும் விடை 10தான், அதாவது அதிர்வு ஏறக்குறைய ஒன்றே. தூரம் பாதியானால் மருந்து கால்பங்காக வேண்டும். பாதி போதும் என்று நினைப்பவர்களே அதிகம் என்று மாமா சிரித்தார். பாறை இடத்துக்கு இடம் மாறுவதால், அதிர்வுமானி வைத்து அளக்காமல் இக்கணக்கை மட்டும் நம்பக் கூடாது.

கூரையையும் காப்பதால் இரண்டாவது வழியையே நான் அடிப்படையாகக் கொள்வேன். வெடி நெருங்க நெருங்க முதல் வழியையும் சேர்த்தே ஆக வேண்டும், அதனால் ஒரு ஷிஃப்ட் வேலை பாழானாலும் சரி.