பிளைட்ரேடார்24: ஏர்போர்ட் பிக்கப் ஓட்டுகிறவன் சொல்கிறேன்

சென்னை ஏர்போர்ட்டை ஒட்டிய பொழிச்சலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், இறங்கும் விமானத்தின் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு கிட்டத்தில் குடியிருந்தும், பதினாறு வருடமாக ஏர்போர்ட் சவாரி ஓட்டியும், விமானம் எப்போது வரும் என்று மட்டும் எனக்குத் தெரிந்ததில்லை. பார்ட்டி அனுப்பும் டிக்கெட்டில் 11.40 என்று இருக்கும். 11.20க்கே போய் நிற்பேன். அது ஒன்றே காலுக்கு வந்து சேரும். அப்புறம் பார்க்கிங் காசு யார் கொடுப்பது என்று ஒரு பஞ்சாயத்து.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகள்தான், பறக்கும் விமானம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும் இந்த ஆப்பைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். பெயரில்தான் ரேடார் இருக்கிறது. "விமானமே நான் இங்க இருக்கேன், இவ்வளவு உயரத்துல இருக்கேன்னு கத்திக்கிட்டே போகுதுப்பா" என்றாள். அந்தக் கத்தலுக்கு ஏ.டி.எஸ்.-பி. என்று பெயர், 1090 மெகாஹெர்ட்ஸில் போகிறது. உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் வீட்டுக் கூரையில் சின்ன ஆன்டெனா வைத்து அதைக் கேட்டு இன்டர்நெட்டில் அனுப்புகிறார்கள். சுவீடனில் 2006இல் இரண்டு விமானப் பைத்தியங்கள் பொழுதுபோக்காக ஆரம்பித்ததாம்.

நான் பார்ப்பது உயரத்தைத்தான். தேடும் இடத்தில் விமான எண்ணைப் போட்டால் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் ஊர்ந்துகொண்டிருக்கும். அதைத் தொட்டால் உயரம், வேகம், என்ன ரகம் எல்லாம் வரும். டெல்லியிலிருந்து வருவது 36,000 அடியில் போய்க்கொண்டிருக்கும்வரை நான் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்திருப்பதில்லை. எண் இறங்க ஆரம்பித்தால் இன்னும் அரை மணி நேரம் என்று கணக்கு. டொமஸ்டிக் என்றால் 10,000 அடியில் சாவியை எடுப்பேன். இன்டர்நேஷனல் என்றால் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு கிளம்பினாலும் போதும். இமிக்ரேஷன் வரிசை எப்படியும் எனக்காகக் காத்திருக்கும்.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் காற்றையும் கற்றுக்கொண்டேன். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், காற்றை எதிர்த்துத்தான் ஏறும். நம் பெரிய ஓடுபாதையின் ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எழுதியிருக்கும். திசைமானியில் 70 டிகிரி, 250 டிகிரி. கடைசிச் சுழியை விட்டுவிடுகிறார்கள். வெயில் காலத்தில் காலையில் மேற்குக் காற்று என்றால் பரங்கிமலைப் பக்கமிருந்து இறங்கும், ஏறுகிறதெல்லாம் எங்கள் தலைமேல் உறுமிக்கொண்டு போகும். மதியம் கடல் காற்று உள்ளே வந்ததும் எல்லாம் தலைகீழ். எனக்கு இதில் என்ன லாபம் என்றால், 25இல், அதாவது பரங்கிமலைப் பக்கமிருந்து, இறங்கும் நாளில் பெங்களூரு விமானம் நேராக வந்து இறங்காது. ஊரைத் தாண்டிக் கடல் மேல் போய்த் திரும்பி வரும். நானும் நிதானமாக இன்னொரு டீ குடிக்கலாம்.

ஏற்றிவிடப் போகும் சவாரிக்கும் இது உதவும், ஆனால் ஜாக்கிரதை. நம்மை ஏற்றிப்போக வேண்டிய விமானம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று பல நேரம் இதில் பார்த்துவிடலாம். போன மழைக்காலத்தில் மேற்கு மாம்பலத்தில் ஒரு வயதான தம்பதி, முதல் விமானப் பயணம், புனேவுக்கு மகன் வீட்டுக்கு. பார்த்தால் அவர்கள் விமானம் இன்னும் கொல்கத்தாவையே விட்டுக் கிளம்பவில்லை. "அம்மா, அவசரமே இல்லை, ஒரு மணி நேரம் கழித்துப் போகலாம்" என்றேன் பெரிய மேதாவி மாதிரி. அந்தம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "இல்லப்பா, அங்கே போய் உக்காந்துக்கறோம், நீ வண்டியை எடு" என்றார். போய்ச் சேர்ந்தால் விமானத்தையே மாற்றியிருக்கிறார்கள்! வேறொன்று தயாராக நிற்கிறது, நேரம் பழைய நேரமேதான். டொமஸ்டிக்கில் புறப்பட 60 நிமிடம் இருக்கும்போதே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். என் பேச்சைக் கேட்டிருந்தால் கையிலிருந்த ஊறுகாய் ஜாடியோடு இருவரும் திரும்பி வந்திருப்பார்கள். ஆப் காட்டியது பொய் இல்லை, அதை வைத்து நான் போட்ட கணக்குதான் தப்பு. அன்றிலிருந்து தாமதம் என்று தெரிந்தால் சொல்வேன், ஆனால் வண்டியை நேரத்துக்கே எடுத்துவிடுவேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று விமானக் கம்பெனியே சொன்னால், வேறு விமானமோ முழுப் பணமோ கேட்டு வாங்கலாம் என்பது விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன், நிறைய பேருக்குத் தெரிவதில்லை.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று மதியம் ஏர்போர்ட்டை மூடியதும், சென்னைக்கு மேலே அந்த மஞ்சள் பொம்மைகள் ஒவ்வொன்றாக மறைந்துபோனதைப் போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே மழைச் சத்தம் மட்டும். பதினாறு வருடத்தில் எங்கள் தெரு அப்படி அமைதியாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

காசு கட்டித்தான் ஆக வேண்டுமா என்றால், என் தொழிலுக்கு வேண்டாம். இலவசத்திலேயே ஏழு நாள் பழைய கணக்கு கிடைக்கிறது. அந்த விமானம் தினமும் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பார்க்க அது போதும். விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம். ராணுவ விமானங்கள் பலவும் தெரியாது. பேட்டரி குடிக்கும், வண்டியில் சார்ஜர் கட்டாயம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். மீதி அரை, பெட்டி எந்த பெல்ட்டில் வரும் என்று அதற்குத் தெரியாததற்கு.

இப்போதெல்லாம் பார்ட்டி இறங்கியதும் போன் செய்து, "வந்துட்டோம்ப்பா" என்பார்கள். "தெரியும் சார், பெல்ட் நம்பர் சொல்லுங்க" என்பேன்.