மகளிர் ஸ்டேஷன் புகாரா, குடும்ப வன்முறைச் சட்ட (டி.வி. ஆக்ட்) மனுவா?

வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்குச் சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: மகளிர் ஸ்டேஷனுக்குப் போய் 498ஏ போடு, அதாவது மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவன், அவன் வீட்டார் மேல் போடும் பிரிவு. (2024 ஜூலையிலிருந்து புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85-வது பிரிவு, பழைய நம்பர்தான் இன்னும் வாயில் வருகிறது.) போடலாம், தப்பில்லை. ஆனால் அது நடந்த கொடுமைக்குத் தண்டனை கேட்கும் வழக்கு, மூன்று வருடம் வரை ஜெயில். அர்னேஷ் குமார் வழக்கில் 2014-ல் சுப்ரீம் கோர்ட் போட்ட கட்டுப்பாடுகளுக்குப் பிறகு புகார் கொடுத்ததும் கைது என்பது கிடையாது, முதலில் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, அப்புறம் கவுன்சிலிங், 'பேசி முடிச்சுக்கங்க'. அன்று ராத்திரி அவள் திரும்ப வேண்டியது அதே வீட்டுக்கு.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கேட்பது வேறு: அடிக்காதே, கிட்டே வராதே, வீட்டை விட்டுத் துரத்தாதே என்று மாஜிஸ்திரேட் உத்தரவு. மனு போட்டால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சட்டத்தில் இருக்கிறது, நிஜத்தில் சம்மன் போய்ச் சேரவே மாதக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் 23-வது பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். பிரமாணப் பத்திரத்தோடு இடைக்கால மனுவும் சேர்த்துப் போட்டால், அடிப்பவன் கோர்ட்டுக்கு வராமலேயே உத்தரவு தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. வக்கீலிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை ஜெயில் அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம், ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் இல்லை. இப்போது ஸ்டேஷனுக்குப் போனால் சமரசம் பேச இடமில்லை, கையில் கோர்ட் உத்தரவு இருக்கிறது.

498ஏ மனைவிக்கு மட்டும்தான். டி.வி. ஆக்டில் அம்மா, தங்கை, கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் பெண் என எல்லாரும் வரலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறதே என்றால், அதிலும் மருமகள் தங்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் மாமியாரை வெளியேற்றச் சொல்லிக் கேட்க முடியாது, பெண்களுக்கு எதிராக அந்த உத்தரவு கிடையாது.

குடித்துவிட்டுக் கதவை உடைப்பவனைக் காகிதம் தடுக்காது, அந்த நேரத்துக்கு அவசர உதவி எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181 தான். பலத்த காயம், வரதட்சணைக் கொடுமை என்றால் இரண்டையும் போடுங்கள், ஒன்று மற்றதைத் தடுக்காது. பாதுகாப்பே அவசரம் என்றால் என் ஓட்டு டி.வி. மனுவுக்கு. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவள் இப்போது தங்கியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம்.